மீண்டவரை ஏன் மறைக்கிறோம்?

“எங்கள் ஊரில் மதுக்கடை கிடையாது!”

காயல்பட்டினத்தார் எந்தச் சீமைக்குச் சென்றாலும் தம் ஊரை அறிமுகம் செய்யுங்கால் முதலில் மொழிவது இதுவே. கொழும்பில் மாணிக்க வணிகம் புரிபவரும் சொல்வார். ஹாங்காங்கில் கடை வைத்திருப்பவரும் சொல்வார். சென்னை மண்ணடியில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞரும் சொல்வார். திரையரங்கு இல்லை என்பதையும் அடுத்த மூச்சிலே சேர்த்துக் கொள்வார்கள். சொல்லட்டும். அரசாங்கமே மதுவை விற்று ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் காணும் ஒரு மாநிலத்தில், ஓர் ஊர் தன் எல்லைக்குள் அக்கடையை நுழையவிடாமல் காத்து நிற்பது சிறிய செயலன்று. அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு.

ஆயின் கடை இல்லை என்பது ஒன்று. குடி இல்லை என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக்கொண்டு நாம் எத்தனை ஆண்டுகள் உறங்கியிருக்கிறோம்!

அண்மையில் அஸர் தொழுகைக்குப் பின் நம் கடற்கரை மணலில் சிலர் கூடியிருந்தபோது இப்பேச்சு எழுந்தது. வயது முதிர்ந்த ஒருவர், “ஊரிலே கடையே இல்லை. பிறகு குடிகாரன் எங்கிருந்து வருவான் தம்பி?” என்றார். “கடை இல்லை காக்கா, பேருந்து இருக்கிறதே!” என்றோம். எல்லாரும் சிரித்தனர். சிரிப்பு அடங்கியதும் ஒரு மௌனம் நிலவியது. அம்மௌனத்தில் அங்கிருந்த ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு வீட்டு வாசலில் போய் நின்றதை அவரவர் முகமே காட்டிற்று. யாரும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தது நற்பண்பு. ஆனால் அந்த வீடுகளுக்கு என்ன செய்வது என்றும் யாரும் கேட்கவில்லை. அதைத்தான் நாம் பண்பென்று ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

கடையைத் திறப்பதும் மூடுவதும் ஆட்சியாளர் வேலை. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது, 1974க்குள் மீண்டும் மூடப்பட்டது, 1981இல் மறுபடியும் திறக்கப்பட்டது. 1983இல் தோன்றிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. இத்தனை முறை கதவு திறந்து மூடியதே, உள்ளே விழுந்து கிடந்தவனைத் தூக்கியவர் யார்? கடையைத் திறந்தபோதும் அவனை எவரும் நினைக்கவில்லை. மூடியபோதும் எவரும் நினைக்கவில்லை.

2019இல் சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையினர் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு வெளியாயிற்று. 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் 5.7 கோடிப் பேர் உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர் என்றும் அது கூறிற்று. குடிக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவர்தாம் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்! முஸ்லிம்களிடையே இத்தீமை குறைவு என்பது உண்மையாகவே இருக்கட்டும். குறைவாக இருக்கும் இடத்தில் மறைப்பு மிகுதி. மறைப்பு மிகுந்த இடத்தில் சிகிச்சை எவ்வாறு எட்டும்?

இப்போது நம் தலையாய வழக்குக்கு வருகிறோம். குடிப்பவனை மறைக்கிறோம் என்பதுகூட ஒருவாறு விளங்குகிறது. குடியை விட்டவரையும் மறைக்கிறோமே, அது ஏன்? ஒருவர் தம் உடலோடும் மனத்தோடும் போராடி, மருத்துவம் பெற்று, தவ்பாச் செய்து, ஈராண்டு மூவாண்டு தெளிந்த மனிதராக வாழ்கிறார். அவரைக் குறித்து வீட்டார் சொல்வதென்ன? “வயிற்றுப் புண்ணுக்காக மதுரையில் சேர்த்திருந்தோம்.” உறவினர் சொல்வதென்ன? “அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.” சம்பந்தம் பேச வருபவர் சொல்வதென்ன? “வாப்பா முன்பு ஒரு மாதிரியாமே!” குடித்துக் கொண்டிருந்த காலத்தில் பேசாதிருந்த வாய்கள், அவர் விட்ட பிறகு பேசத் தொடங்குகின்றன. இதைவிடக் கொடிய முரண்பாடு ஒன்றுண்டோ?

பிற ஊர்களைக் காட்டிலும் நம் ஊரில் இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. காயலில் வீடு பெண்ணுக்குரியது. மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டில் வந்து வாழ்கிறான். அதே வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அவள் லாத்தாவும் தங்கைகளும் தத்தம் கணவன்மாரோடு வாழ்கின்றனர். பெண்கள் தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குச் செல்ல முடுக்குகள் உண்டு. ஆகவே ஒருவன் தள்ளாடி வந்தால் அதைக் காண்பவர் ஒரு மனைவி மட்டுமல்லர். மாமி காண்கிறார், மச்சான் காண்கிறான், சகலை காண்கிறான், பிள்ளைகளும் அவர்களின் தாயார் வழி உடன்பிறப்புகளும் காண்கின்றனர். தெருவில் இரகசியமாக இருப்பது முடுக்கில் இரகசியமாக இருப்பதில்லை. (அவன் தாயோ வேறொரு தெருவில், மகன் நலமென்றே நம்பிக் கொண்டிருப்பார்.)

இக்கூட்டு வாழ்வை நாம் குறை சொல்லவில்லை. விழுந்தவனின் வீழ்ச்சியை இத்தனை கண்கள் பார்க்குமாயின், எழுந்தவனின் எழுச்சியையும் அத்தனை கண்களும் பார்க்கும் என்பதையே நினைவூட்டுகிறோம். சுபுஹுக்கு எழுந்து பள்ளிக்குச் செல்லும் அவரைச் சகலையின் வளர்ந்த மகன் பார்க்கிறான். சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவியிடம் கொடுப்பதை முடுக்கின் அப்புறத்திலுள்ள பெண் அறிகிறாள். தன் வீட்டுத் துன்பத்திற்கும் வழியுண்டோ என்று முதன்முறையாக எண்ணுகிறாள். ஒரு குடும்பத்தில் ஒருவர் மீண்டால் அது ஒருவரின் மீட்சியாக நிற்பதில்லை.

இது வெறும் ஆசைச் சொல்லன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்றொரு நகரம் உண்டு. 1948 முதல் அந்நகர மக்களின் இதய நலத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாய்வில் 1971 முதல் 2003 வரை திரட்டப்பட்ட 12,067 பேரின் குறிப்புகளைக் கொண்டு, குடிப்பழக்கம் உறவின் வழியும் நட்பின் வழியும் எவ்வாறு பரவுகிறது என்று கணக்கிட்டு 2010இல் வெளியிட்டனர். மிகுதியாகக் குடிப்பவரோடு நெருங்கிய தொடர்புடையவர் தாமும் அவ்வாறு குடிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதலாம். அதில் நமக்கு வியப்பில்லை. கெட்ட சேர்க்கையைப் பற்றி நம் உம்மாமார் ஓதாத நாளில்லை. வியப்பூட்டுவது மறுபக்கமே. குடியாதவரோடு நேர்த் தொடர்புடையவர் தாமும் குடியாதிருக்கும் வாய்ப்பு 29 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நண்பரின் நண்பர் என்ற இரண்டாம் படியில் 21 விழுக்காடு. மூன்றாம் படியில் 5 விழுக்காடு. தீமை மட்டுமே தொற்றும் என்று எண்ணியிருந்தோம். நன்மையும் தொற்றுகிறது, முகமறியாதவர் வரையிலும்!

இனி, நம்மை மறுப்போர் கூறுவனவற்றைக் காண்போம்.

“இது நோயென்று யார் சொன்னது? ஹராமைச் செய்கிறான். தவ்பாச் செய்தால் போதும். மருத்துவமனை எதற்கு?” என்பார் ஒரு சாரார். “ரமழானில் முப்பது நாளும் தொடாதிருக்கிறானே, அப்படியாயின் இது திமிர்தானே?” என்றும் கேட்பர். தவ்பா வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் நிறுத்துவது வேறு, நிறுத்தியபடியே நிலைப்பது வேறு. முப்பது நாள் நிறுத்தியவன் ஷவ்வால் பிறையோடு மீண்டும் தொடங்குகிறானே, அதுவே அவன் பிடி எவ்வளவு நழுவிவிட்டது என்பதற்குச் சான்று. மேலும் நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பு வரலாம். உடல் நடுங்கி, சித்தம் பேதலித்து, உயிருக்கே ஊறு நேரலாம். அறைக்குள் அடைத்துப் பூட்டித் திருத்திவிடுவோம் என்று முனையும் வாப்பாமார் இதை அறிந்துகொள்ள வேண்டும். மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவது மார்க்கத்திற்கு மாறானதன்று. உயிரைக் காப்பதும் மார்க்கமே. மதுவைத் தடை செய்த கட்டளைகூட ஒரே நாளில் வந்ததன்று. படிப்படியாகவே வந்தது என்பதை ஓதியறிந்தோர் நன்கறிவர்.

இன்னொரு சாரார் இவரினும் கடுமையானவர். அவர்கள் குடித்தவனைச் சபிக்கின்றனர். இவர்களுக்கு நாம் மறுமொழி கூற வேண்டியதில்லை. ஸஹீஹ் புகாரியே கூறியிருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் தோழர் ஒருவர், குடித்ததற்காகத் தண்டனை பெற்று, பின்னரும் அதே குற்றத்திற்காகக் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். தண்டனையும் நின்றது, உறவும் நின்றது. நாமோ தண்டிப்பதுமில்லை, உறவு வைப்பதுமில்லை. முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம், அவ்வளவே.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பை அறியாதார் யார்? தம்மிடம் வந்துபோகும் ஷாம் நாட்டு மனிதர் ஒருவரைச் சில காலம் காணாமல் விசாரித்தார்கள். அவர் குடியில் வீழ்ந்துவிட்டார் என்று அறிந்ததும், எழுத்தாளரை அழைத்து ஒரு மடல் வரையச் செய்தார்கள். பாவத்தை மன்னிப்பவனும் தவ்பாவை ஏற்பவனுமாகிய இறைவனை நினைவூட்டும் மடல் அது. அவருக்காகப் பிரார்த்திக்குமாறு உடனிருந்தோரையும் கேட்டுக்கொண்டார்கள். மடலைப் பெற்றவர் திரும்பத் திரும்பப் படித்து அழுதார், மதுவை விட்டார். இப்னு கஸீர் அவர்களின் தஃப்சீர் இதை எடுத்துரைக்கிறது. அந்தக் கலீபாவின் ஆட்சிப் பரப்பு எவ்வளவு பெரிது! அதில் ஒரு தனி மனிதரைக் காணோமே என்று அவர்கள் தேடினார்கள். நம் முஹல்லாவில் மூன்று ஜும்ஆக்களாகக் காணாத ஒருவரை நாம் தேடியதுண்டா?

காதிஸிய்யாப் போரில் அபூ மிஹ்ஜனின் வரலாறும் இத்தகையதே. குடியின் காரணமாக விலங்கிடப்பட்டுக் கிடந்த அவர், தம்மை அவிழ்த்துவிடுமாறு தளபதி ஸஅத் (ரலி) அவர்களின் மனைவியாரிடம் வேண்டினார். போரிட்டு உயிரோடு மீண்டால் தாமே வந்து விலங்கை மாட்டிக் கொள்வதாக வாக்களித்தார். அந்த அம்மையார் நம்பினார். நம்பியபடியே அவரும் திரும்பி வந்தார். ஸஅத் (ரலி) அவரை விடுவித்ததும் குடியையும் அவர் விட்டொழித்தார் என்பர் வரலாற்றாசிரியர். அந்த விலங்கை முதலில் அவிழ்த்தது ஒரு பெண்ணின் நம்பிக்கை!

“ஒரு முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டுமன்றோ? நீர் அதை அம்பலப்படுத்தச் சொல்கிறீரே!” என்போர் வாதம் கனமானது. அதை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். குறையை மறைப்பது மார்க்கம் கற்பித்த பண்பு. அதனாற்றான் பெயர் சொல்லித் தூற்றுவதை நாமும் வெறுக்கிறோம். ஆனால் நாம் மறைப்பது அவருடைய குறையையா, நம் குடும்பத்தின் கௌரவத்தையா? குறையை மறைத்து மனிதரைக் காப்பாற்றுவது ஒரு வகை; மனிதரையே மறைத்துக் குறையைக் காப்பாற்றுவது இன்னொரு வகை. நம் வீடுகளில் நடப்பது இரண்டாவது. அன்றியும், மீண்டவர் தம் கதையை மேடையேறி முழங்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அதே படுகுழியில் கிடக்கும் ஒருவனிடம், அடைத்த கதவுக்குப் பின்னால், தாமே விரும்பிச் சொன்னால் போதும்.

அமெரிக்காவில் 1935இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் அடித்தளமே இதுதான். பில் வில்சன் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வணிக முயற்சி ஒன்று தோற்று, ஆக்ரன் நகர விடுதியில் தனித்து நின்றபோது, மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சினார். அவர் தேடியது போதகரின் உபதேசத்தையன்று. தம்மைப் போல் இன்னொரு குடிகாரரை! அவ்வாறு அவருக்கு அறிமுகமானவர் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். பிறருக்கு உதவித் தம்மைக் காத்துக்கொண்டார் முன்னவர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாளோடு குடியை விட்டார் பின்னவர். இருவர் பலராயினர். 1957இல் அது இந்தியாவிலும் வேரூன்றிற்று. பெயரை வெளியிடாதிருத்தல் அவர்கள் விதி. குறை மறைத்தலையும் உதவி செய்தலையும் அவர்கள் ஒரே அறைக்குள் இணைத்துவிட்டனர். 1989இல் பால்டிமோர் நகர முஸ்லிம்கள் அதே முறையை நம் மார்க்கத்திற்கேற்ப அமைத்து ‘மில்லத்தி இஸ்லாமி’ என்ற பெயரில் தொடங்கினர். கடல் கடந்த சகோதரர்களால் இயன்றது நமக்கு இயலாதா?

வீட்டார் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கணவர் குடியை விட்ட மறுநாளே இல்லம் பூஞ்சோலையாகிவிடும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். அவர் விழுந்து கிடந்த ஆண்டுகளில் கணக்கு வழக்கெல்லாம் மனைவி பார்த்தாள். அலமாரிச் சாவி அவளிடம். இப்போது அவர் சாவியைக் கேட்கிறார். கொடுப்பதா? மகன் சலாம் சொல்லிவிட்டு விலகிப் போகிறான். எத்தனை வாக்குறுதிகளைக் கேட்டவன் அவன்! பில் வில்சனின் மனைவி லோயிஸ், பல்லாண்டு பொறுமை காத்தவர், கணவர் தெளிந்து கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஆத்திரத்தில் காலணியைத் தூக்கி எறிந்தாராம். தமக்கும் மனக்காயம் உண்டென்று அப்போதுதான் உணர்ந்தார். 1951இல் குடித்தோரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு அவரால் உருப்பெற்றது. சில வேளை மீண்டவர் மறுபடி சறுக்குவதும் உண்டு. சறுக்கலைக் கண்டு, “பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே” என்று மகிழும் உறவினர்களை என்னென்பது!

நம் தமிழகத்திலேயே ஒரு பெண்மணி வழிகாட்டியிருக்கிறார். 1979இல் சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தார். பேர்பெற்ற டி.டி.கே. குடும்பம் அது. கௌரவம் கருதி மௌனம் காத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ அமெரிக்கா சென்று இத்துறையில் பயிற்சி பெற்றார்; 1980இல் கணவர் பெயராலேயே டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையத்தைச் சென்னையில் நிறுவினார். நோயாளிக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் ஆலோசனையும் பயிற்சியும் அளிப்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. மஞ்சக்குடிக் கிராமத்தில் ஊரார் துணையோடு முகாம் நடத்தி, ஊருக்குள்ளேயே வைத்துச் சிகிச்சை அளிக்கலாம் என்பதையும் அந்நிறுவனம் காட்டிற்று. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா விருதும் கிடைத்தது. மீளாமலே மறைந்த ஒருவரின் பெயர், மீண்டவர் பலருக்கு நிழலாயிற்று. மறைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

நம் கரையில் முத்துக் குளித்த காலத்தில், ஆழ்கடலில் இறங்குபவனின் கயிற்றைப் படகிலிருந்து பிடிக்கும் பொறுப்பை அவன் மச்சானிடம் ஒப்படைப்பார்கள் என்று கரையோரத்தார் சொல்வது வழக்கம். தன் உடன்பிறந்தாள் விதவையாவதை எவன் பொறுப்பான்? கயிறு அசைந்ததும் கை சோராமல் இழுப்பான். 1961க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. ஆனால் காயல் வீடுகளில் மச்சான் அடுத்த அறையிலேயே இருக்கிறான். கயிறு அசைவதும் அவனுக்குத் தெரிகிறது. ‘சம்பந்தக்காரர் காதில் விழுந்துவிடுமோ’ என்று அஞ்சிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே!

நாம் கேட்பது பெரிதன்று. வாரத்தில் ஒருநாள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், தெருப் பார்வை படாத ஓர் அறை வேண்டும். அதில் மீண்டவர் இருவர் மூவர் அமர்ந்திருக்க வேண்டும். வருபவர் பெயரை யாரும் கேட்கலாகாது. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவருக்கு வழிச்செலவைப் பைத்துல்மால் ஏற்கலாம். மனைவியருக்கு, நம் பெண்கள் தைக்காக்களில் ஒன்றில் தனியே ஓர் அமர்வு நடத்தலாம். ஓதும் பெண்கள் பலரிருக்கும் ஊரில் அதற்குத் தலைமை தாங்க ஆளுக்குப் பஞ்சமில்லை. கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் அடிமையாகும் இளைஞர்களுக்கும் இதே கதவு திறந்திருக்கலாம். அதைப் பற்றித் தனியே எழுத எண்ணியிருக்கிறோம். சம்பந்தம் பேசுவோர், குடியை விட்டு நிலைத்து நிற்பவரின் மகளைத் தள்ளாதிருக்க வேண்டும். ஜமாஅத் பெரியோர்கள் தம் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

மீண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யாரென்று நமக்கும் தெரியும், நீங்களும் அறிவீர்கள். அவர்கள் அமர்வதற்கு அந்த ஓர் அறையின் சாவியைத் தர எந்த முஹல்லா முதலில் முன்வரும் என்று கேட்டுக் காத்திருக்கிறோம்.